வழுக்கி விழுந்த வாக்குமூலம்



குற்றக் கதைச் சிறப்பிதழுக்குக் கதை அனுப்புங்கள் என்று சென்ற இதழில் ஒரு மூலையில் அறிவித்திருந்தோம். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்து சேர்ந்தன. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், தளி, ராயக்கோட்டை, அப்புறம் எல்லை தாண்டி ஆனேக்கல், பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் நம்மவர்களிடமிருந்தும். கம்பெனி பஸ்ஸில் போகும்போது செல்போனில் தட்டியது, எழுத்துப் பிழை இருந்தால் பஸ்ஸின் பிழை என்று ஒரு வாசகர் குறிப்பு வைத்திருந்தார். இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்காமல் கதை எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு.

கும்பிட்டாயிற்று. இனி உரிமையோடு கொஞ்சம் குறை சொல்லலாம்.

முக்கால்வாசிக் கதைகளில் கதாநாயகர் சென்னையில் அசிஸ்டென்ட் கமிஷனர். புல்லட் ஓட்டுகிறார். மனைவி ஒன்று இறந்திருப்பார், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருப்பார். பிணம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒதுங்குகிறது. சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தினமும் இரண்டு முறை கடக்கிற ஒருவருக்கு, கதை எழுத உட்கார்ந்தால் மட்டும் கடல் ஏன் தேவைப்படுகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். என்னை உறுத்தியது வேறு. ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் ஓர் அறை விழுகிறது. அறை விழுந்த அடுத்த வரியில், ‘சொல்லிடறேன் சார்’ என்கிறான் பிடிபட்டவன். சொல்லிவிடுகிறான். கதை முடிகிறது. அறை வாங்கியவன் பொய் சொல்வதாக ஒரு கதையாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

அடித்தால் உண்மை வரும் என்பதில் நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை. கதை எழுதுகிறவர்களுக்கு மட்டுமா? கைதான ஆள் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் பத்திரிகையில் வருகிறது. ‘தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்தார்’ என்று கீழே குறிப்பு. பாத்ரூமில் வழுக்கியவர், பாலத்திலிருந்து குதித்தவர் என்று வகைவகையாக உண்டு. விழுந்தவர் எல்லோருக்கும் வலது கை உடைகிறது. நாம் அதை நம்புவதில்லை. நம்பாமலே சிரிக்கிறோம், சிரித்தபடியே அடுத்தவருக்கு அனுப்பி வைக்கிறோம். காவல் துறை நம்மிடம் ஒரு பொய் சொல்கிறது, அது பொய் என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தக் கூட்டு ஏற்பாட்டைப் பற்றி ஒரு நல்ல தமிழ்க் கதை வந்திருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் தமிழில் துப்பறியும் கதை பிறந்ததே போலீஸ்காரரோடுதான். பண்டித நடேச சாஸ்திரி 1894-ல் எழுதிய நூலின் நாயகன் தானவன் ஒரு ‘போலீஸ் நிபுணன்’; தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு கல்கத்தாவில் பிரியநாத் முகோபாத்யாய் ‘தாரோகார் தப்தர்’ என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். அவர் காவல் துறையிலேயே வேலை பார்த்தவர், தான் கையாண்ட வழக்குகளையே கதையாக எழுதினார். அப்புறம் என்ன ஆயிற்றோ, நம் பக்கத்தில் போலீஸ்காரர் மெல்லப் பின்னால் நகர்ந்து, தனியார் துப்பறிவாளர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்தி. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். ராஜேஷ்குமாரின் விவேக் அதிகாரிதான் என்றாலும், மேலதிகாரி கூப்பிட்டு ‘மாசக் கடைசிக்குள்ள முடிக்கலைன்னா மெமோ வரும்’ என்று அவரை மிரட்டியதாக எனக்கு நினைவில்லை. தனியார் துப்பறிவாளருக்கு மேலதிகாரி கிடையாது. பந்தோபஸ்து கிடையாது. ஸ்டேஷன் ஜீப்புக்கு டீசல் யார் போடுவது என்ற கவலை கிடையாது. எழுதுவதற்கு அது வசதி. ஆனால் ஒரு மனிதனைக் கெட்டதைச் செய்யவைக்கும் நெருக்கடி முழுவதும் அந்த வசதியோடு சேர்ந்து கதையிலிருந்து வெளியேறிவிட்டது.

சினிமா போலீஸ்காரரைக் கூட்டி வந்தது, வேறு விதமாக. 1974-ல் ‘தங்கப்பதக்கம்’ சிவாஜி, கடமைக்காகப் பெற்ற மகனையே சுட்டார். அது ஒரு தகப்பனின் நெருக்கடி. அதன் பிறகு வந்த பல காக்கிச் சட்டைகளுக்கு நெருக்கடியே இல்லை, வசனம்தான் இருந்தது. கோர்ட்டு, வக்கீல், மனித உரிமைக்காரர் எல்லாம் கதாநாயகனின் வேகத்தைத் தடுக்கும் ஸ்பீடு பிரேக்கர்கள் ஆனார்கள். ‘என்கவுன்டர்’ என்ற சொல்லுக்குத் தியேட்டரில் விசில் விழ ஆரம்பித்தது.

நம் ஊருக்கு வருகிறேன். 2021 ஜனவரி 22. ஓசூர் பாகலூர் சாலையில் முத்தூட் ஃபைனான்ஸ் கிளை. காலை நேரத்தில் முகத்தை மறைத்த ஒரு கும்பல் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து, ஊழியர்களை மிரட்டிச் சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு இந்த ஊர் எப்படி இருந்தது என்று பலருக்கு ஞாபகம் இருக்கும். அடகு வைத்த தாலிக் கொடி என்னாகுமோ என்று அந்தக் கிளை வாசலில் கூடிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே ஹைதராபாத் அருகே கும்பல் பிடிபட்டது. தங்கப் பையில் இருந்த ஜிபிஎஸ் கருவி போகிற வழியெல்லாம் இடத்தைச் சொல்லிக்கொண்டே போனது. தமிழ்நாட்டுப் போலீசார் தகவல் தர, நெடுஞ்சாலையில் தெலங்கானாவின் சைபராபாத் போலீசார் மடக்கினார்கள். பல மாநிலத்துச் சாலையைக் கடந்த ஒரு துரத்தல். யாரையும் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தடயம் கறக்க வேண்டியிருக்கவில்லை. நம் எழுத்தாளர்கள் யாரும் இதைத் தொடாதது எனக்கு ஆச்சரியம்.

இதே சைபராபாத் போலீசுக்கு ஒரு முன்கதை உண்டு. 2019 டிசம்பர் 6 அதிகாலையில், கால்நடை மருத்துவர் ஒருவரை வன்புணர்ந்து கொன்றதாகக் கைதான நான்கு பேரைச் சம்பவ இடத்துக்கே கூட்டிப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். பொழுது விடிந்ததும் மக்கள் போலீசார் மீது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையிலான ஆணையம், அவர்கள் தப்பியோடும்போது சுடப்படவில்லை, கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார்கள் என்று கண்டறிந்தது. போலீசார் பத்துப் பேர் மீது கொலை வழக்கு விசாரணை நடக்க வேண்டும் என்றது. அறிக்கை 2022-ல் வெளியானபோது பூத் தூவ யாரும் வரவில்லை. நம் நகையைத் தேடிக் கொடுத்த அதே துறைதான், ஒரு வருடத்துக்கு முன்பு சட்டத்தைக் கையில் எடுத்ததாக ஓர் ஆணையத்தால் சொல்லப்பட்டது. இரண்டுக்கும் நாம் கைதட்டினோம். நல்ல போலீஸ், கெட்ட போலீஸ் என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் பேனா நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

எல்லை என்பதே ஒரு கதைதான். 2018 நவம்பரில் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் ஓர் இளைஞனின் உடலும் ஓர் இளம்பெண்ணின் உடலும் கிடைத்தன. கை கால்கள் கட்டப்பட்டிருந்தன. யார், எந்த ஊர் என்று கர்நாடகப் போலீசாருக்குத் தெரியவில்லை. இளைஞன் போட்டிருந்த பனியனில் அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும் அச்சாகியிருந்தன. அந்த ஊர்ப் பெயர்தான் அவர்களை ஓசூர் அருகே சூடகொண்டப்பள்ளிக்குக் கொண்டு வந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்து, ஓசூரில் வாழ வந்த பிள்ளைகள். பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள். எந்தத் துப்பறியும் எழுத்தாளரும் கற்பனையில் கட்டத் தயங்கும் தடயம் அது. செத்த பிறகும் ஒருவன் தன் ஊரையும் அரசியலையும் மார்பில் சுமந்து வந்து சாட்சி சொல்லியிருக்கிறான். ஆளைக் காணோம் என்று தேடுவது ஒரு மாநிலம், உடலைக் கண்டெடுப்பது இன்னொரு மாநிலம். நடுவில் ‘எங்க லிமிட்ல வராது’ என்ற வாக்கியம் எத்தனை வழக்குகளை விழுங்கியிருக்கும் என்று இந்தப் பகுதியில் புகார் கொடுக்கப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் எழுத்திலேயே இருக்கிறது. இருக்கட்டும்.

அடித்தால் உண்மை வருமா என்ற கேள்விக்குத் தமிழில் ஏற்கெனவே பதில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார். 1983-ல் பிழைப்புத் தேடி ஆந்திரத்தின் குண்டூருக்குப் போன இளைஞர். ஒரு திருட்டு வழக்கை முடிக்க ஆள் தேவைப்பட்டது. மொழி தெரியாத, கேட்க நாதியற்ற, பூங்காவிலும் கடைத் திண்ணையிலும் படுத்துறங்கும் பையன்கள் கிடைத்தார்கள். ஒப்புக்கொள்ளும்வரை அடி. 2006-ல் வந்த அவருடைய ‘லாக்கப்’ மெலிந்த புத்தகம்தான். படித்து முடித்தபின் நம் கைவிரல்களை நாமே தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது, அடுத்த ஆண்டு தேசிய விருதும் வாங்கியது.

படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் முதல் பாதியின் அடியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியம் இரண்டாம் பாதி. அது புத்தகத்தில் இல்லாதது, படத்துக்காகச் சேர்த்தது. சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேல், குண்டூர் கோர்ட்டில் இந்தப் பையன்களின் தமிழை நீதிபதிக்குப் புரியவைத்து அவர்களை மீட்கிறார். நல்ல மனிதர்தான். அந்த நல்ல மனிதரைத் துறை கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு பெரிய புள்ளியின் கணக்குகளைப் பார்த்துவந்த ஆடிட்டர் கஸ்டடியில் சாகிறார். அதை மறைக்க வேண்டும். பையன்கள் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டார்கள். மேலிருந்து உத்தரவு வருகிறது. முத்துவேல் மறுத்திருக்கலாமே என்று சொல்வது நமக்குச் சுலபம். மறுத்தால் என்னாகும் என்பதைப் படம் காட்டுகிறது. தமிழில் போலீஸ் கதை எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் அந்த முகத்தை, உத்தரவு கேட்டபிறகு பதில் சொல்வதற்கு முன்னால் முத்துவேலின் முகத்தை, ஒருமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும்.

குண்டூர் பழங்கதை என்று நினைத்தால், 2023 ஜூனில் நம் மாவட்டத்திலேயே அது திரும்ப நடந்ததாகப் புகார் எழுந்தது. மத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, திருட்டு வழக்கு விசாரணை என்று சொல்லிக் குறவர் சமூகத்து ஆண்களையும் பெண்களையும் ஆந்திரத்தின் சித்தூர் போலீசார் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்ததாக அவர்களின் குடும்பங்கள் முறையிட்டன. வேறு மாநிலத்துக்குள் ஆள் பிடிக்க வந்தால் உள்ளூர் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், பிடித்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல்.

ஏன் குறவர்களையே தேடிப் போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இன்னும் பழையது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது, சென்னை மாகாணத்துக்கு 1911-ல் நீட்டிக்கப்பட்டது. குறவர்கள் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். 1947-ல் இங்கே சட்டத்தை எடுத்தாயிற்று. ஸ்டேஷன் பீரோவிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தார்களே தவிர, தலைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. 1993-ல் நெய்வேலி அருகே கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த மரணம், அதற்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய சட்டப் போராட்டம், அதை வைத்து வந்த ‘ஜெய்பீம்’ படம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அங்கும் தொடக்கம் ஒரு நகைத் திருட்டுப் புகார். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியான ஓர் இளைஞர் தனிப்படையின் விசாரணையில் செத்துப்போனார். அங்கும் நகைப் புகார்தான். கோயிலுக்குப் பின்னால் அடிக்கும் காட்சியை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்ததால் நமக்குத் தெரிந்தது.

நகை வழக்கு என்றால் மட்டும் ஏன் இவ்வளவு அடி? இதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது, கதை எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது, இப்போதைய பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று தெரிந்துவைத்து எழுதிய பிரிவு அது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே ஸ்டேஷனுக்கு வேண்டியது வாக்குமூலம் இல்லை, ‘ரெக்கவரி’. பத்துப் பவுன் போனால் பத்துப் பவுன் வர வேண்டும். திருடிய ஆள் அதை விற்றுத் தின்றிருந்தாலும் வர வேண்டும். சம்பந்தமே இல்லாத அடகுக் கடைக்காரரிடம் போய், ‘நீ வாங்கினதா அவன் சொல்றான், எடு’ என்கிறார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் குறை. வழக்கு முடிந்ததாகக் கணக்கு. புகார் கொடுத்தவர் நிலையத்துக்கு வந்து நகையை வாங்கிக்கொண்டு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நகையில் யாருடைய நகம் பெயர்ந்தது என்று அவர் கேட்பதில்லை. புகார்தாரர் நாம்தான்; இதையும் எழுதுங்கள்.

நம் வாசகர் ஒருவர் ஓய்வுபெற்ற ஏட்டு. பல ஊர் ஸ்டேஷன்களில் ரைட்டராக உட்கார்ந்தவர். டீக்கடையில் ஒருநாள் அவரிடம் இந்தக் கதைகளைப் பற்றிப் புலம்பினேன். “சார், கதையில போலீஸ்காரன் எப்பவும் திருடனோட சண்டை போடுறான். நாங்க சண்டை போட்டது ரிஜிஸ்டரோட” என்றார். மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் கண்டுபிடிப்பு சதவீதம் குறைந்தால் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு. அந்தத் திட்டு எஸ்ஐக்கு இறங்கும், அங்கிருந்து கிரைம் டீம் போலீஸ்காரருக்கு, அவரிடமிருந்து பெஞ்சில் உட்காரவைத்திருக்கும் ஆளின் முதுகுக்கு. சதவீதம் குறையாமல் இருக்க இன்னொரு வழியும் உண்டாம்: புகாரையே வாங்காமல் இருப்பது. வெறும் சிஎஸ்ஆர் ரசீது போட்டு அனுப்பிவிட்டால் வழக்கு இல்லை, வழக்கு இல்லையென்றால் கண்டுபிடிக்காத வழக்கும் இல்லை. வெளி மாநிலத்துக்குத் தனிப்படை போகும்போது கைக்காசு போட்டுக் கடன் வாங்கிப் போனதையும் சொன்னார். ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தில் வடக்கே போகும் படையின் காசுத் தட்டுப்பாட்டைக் காட்டியபோது தியேட்டரில் அவர் மட்டும் சத்தமாகச் சிரித்தாராம். “நீங்க யாரையாவது அடிச்சிருக்கீங்களாண்ணா?” என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எழுதினேன். ரைட்டர் எழுதத்தான் செய்வான். அடிச்சவன் சொல்றதை எழுதினேன்” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஆனால் வாசகர்களே, அந்த வாக்கியத்தில் ஒரு நாவல் இருக்கிறது.

இந்த வாக்கியத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொருவர் தலைமைக் காவலர் ரேவதி. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, அந்த இரவு ஸ்டேஷனில் நடந்ததை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர். அவர் பயந்தபடியே பேசினார், கையெழுத்துப் போடத் தயங்கினார் என்பது மாஜிஸ்திரேட்டின் அறிக்கையிலேயே பதிவானது. வெளியே அவருடன் வேலை பார்ப்பவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாளைக்கும் அவர்களோடுதான் வேலை. பயத்தோடு கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணைவிடப் பெரிய போலீஸ் நாயகியை நம் எழுத்தாளர்கள் எங்கே தேடுகிறார்கள்?

காக்கிக்குள் இருந்தவர்கள் எழுத வரும்போது கதையின் மணமே மாறுகிறது. பயிற்சிப் பள்ளியில் ஒரு மனிதனை எப்படி வளைத்துக் காவலராக வார்க்கிறார்கள் என்பதைக் காட்டிய ‘டாணாக்காரன்’ (2022) இயக்குநர் தமிழ், முன்னாள் காவலர். மலையாளத்தில் ‘ஜோசப்’, ‘நாயாட்டு’ படங்களை எழுதிய ஷாஹி கபீர் போலீஸ்காரர். ‘நாயாட்டு’வில் துரத்தப்படுகிறவர்களே மூன்று போலீஸ்காரர்கள், தேர்தல் நேரத்து அரசியலுக்கு ஆள் தேவைப்பட்டதும் அவர்கள் கட்டிக் காத்த இயந்திரம் அவர்கள் பக்கமே திரும்பிவிடுகிறது. நம் பழைய தர்மபுரி மாவட்டத்துக்காரரான ஜி. திலகவதி ஐபிஎஸ், கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கல்மரம்’ நாவலுக்காக 2005-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். காவல் துறை உயரதிகாரி தம் நாவலுக்குச் சித்தாள்களையும் கொத்தனார்களையும் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. சுவீடனில் ஷோவால், வாலூ என்ற இணையர் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதி, ஒரு போலீஸ் குழுவின் வயிற்று வலி, குடும்பச் சண்டை, அலுப்பு வழியாகவே தம் நாட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்கள். நமக்கு அலுப்புக்கா பஞ்சம்?

பெரிய கொடுமைகளையும் மறந்துவிடக் கூடாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதற்கு முன் நாம் எல்லோரும் தர்மபுரி. அந்த மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடிக் கிராமத்தின் மீது பாய்ந்தன. 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் தீர்ப்பு வந்த 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் இரு மாநில அதிரடிப் படைகள் மலைவாழ் மக்களிடம் நடந்துகொண்ட விதத்தை ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ எழுதியது. அஞ்செட்டிப் பக்கத்து வாசகர்களுக்கு அந்த ஆண்டுகளைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. நான் இங்கே யோசிப்பது அந்த 269 பேரைப் பற்றி. அத்தனை பேரும் அரக்கர்களா? வீட்டில் பெண் குழந்தை வைத்திருந்தவர்கள் அதில் எத்தனை பேர்? அன்றைக்கு மாலை லாரியில் ஏறும்போது ஒருவருக்காவது இறங்கிவிடலாம் என்று தோன்றியிருக்காதா? தோன்றியும் இறங்காதவனின் கதையை மன்னிக்காமல் எழுதவேண்டும், அவனைப் புரிந்துகொண்டும் எழுதவேண்டும். கடினம்தான். ஜெயமோகனின் ‘துணைவன்’ கதையிலிருந்து வெற்றிமாறன் ‘விடுதலை’ படத்துக்குப் போனது இந்தத் திசையில்தான்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘லாக்கப்’ படித்துக் கண்ணீர் விட்டோம், குண்டூரில் மொழி தெரியாமல் அடிவாங்கியது நம் பையன்கள் என்பதால். இன்றைக்குச் சிப்காட்டைச் சுற்றி, பேகேப்பள்ளியிலும் சூளகிரியிலும் தகரக் கொட்டகையிலும் ஒற்றை அறையில் எட்டுப் பேராகவும் தங்கியிருப்பவர்கள் யார்? பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள். தெருவில் ஒரு பைக் காணாமல் போனால் முதலில் யாரைக் காட்டுகிறோம்? போலீஸ் வருவதற்கு முன்பே நாம் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். சிறப்பிதழுக்கு வந்த கதைகளில் ‘வடக்கன்’ வராத கதை குறைவு, வந்த கதைகளில் அவன் குற்றவாளியாக இல்லாத கதை அதைவிடக் குறைவு. 1983-ல் குண்டூர்க்காரர்கள் யாராவது கதை எழுதியிருந்தால் சந்திரகுமாரும் அப்படித்தான் வந்திருப்பார்.

இந்த இதழில் ஐந்து கதைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவற்றில் அறை விழும் கதைகளும் உண்டு. குறையோடுதான் போடுகிறோம், எழுதியவர்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது. அடுத்த இதழுக்கு மீண்டும் கேட்கிறேன். உங்கள் ஊர் ஸ்டேஷனை எழுதுங்கள். செக்போஸ்ட்டில் விடிய விடிய குட்கா லாரிக்கும் மதுப் பாக்கெட்டுக்கும் காத்துநிற்கும் காவலரை எழுதுங்கள். லாரியை விட்டுவிடச் சொல்லி அவருக்கு வரும் போனையும் எழுதுங்கள். தமிழில் புகார் சொல்லத் தெரியாத ஒடிசாப் பெண்ணை எழுதுங்கள். காவலர் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள், அப்பா வீட்டுக்கு வந்த இரவுகளைப் பற்றி எழுதுங்கள். பணியில் இருப்பவர்கள் எழுதினால் பெயரை மறைத்துப் போடுகிறோம், அந்த உறுதியை இதழ் தரும். கன்னடத்திலோ தெலுங்கிலோதான் எழுத வரும் என்றாலும் தயங்காமல் அனுப்புங்கள். மொழிபெயர்க்க ஓசூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்